ஒருத்தி மட்டும் வேறு சொன்னால்...



இம்முறை ஒரு கூட்டத்தைப் பற்றி உங்களோடு கதைக்க விரும்புகிறேன். அது பெரிய மண்டபத்தில் நடந்த கூட்டமல்ல. 2018 ஆம் ஆண்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், முன்பள்ளிக் கட்டடத்துக்குள் பாய் விரித்து நடத்திய மாதர் சங்கக் கூட்டம். வந்திருந்த 26 பேரில் அநேகமானோர் கணவரையோ பிள்ளையையோ தேடிக்கொண்டிருப்பவர்கள். களப்பணியாளராக நானும் போயிருந்தேன். தலைவிக்குச் சுகமில்லாதபடியால் அன்று கூட்டத்தை நடத்தியவளும் நான்தான்.

சேமிப்புக் கணக்கு வாசித்தோம். அடுத்த கவனயீர்ப்புப் போராட்டத்துக்கு யார் யார் போவது, பஸ் காசை எப்படிச் சேர்ப்பது என்று தீர்மானித்தோம். "வேறு ஏதும் விடயம் இருக்கோ?" என்று வழக்கம்போலக் கேட்டேன். வழக்கமாக ஒருவரும் வாய் திறப்பதில்லை. அன்று பின் வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி எழுந்து நின்றாள்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லலாமோ? நான் அந்தச் சான்றிதழை எடுக்கப் போறன்."

அவள் குறிப்பிட்டது, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை உறுதிப்படுத்தி அரசாங்கம் கொடுக்கும் சான்றிதழை. அவள் சொல்லி முடித்ததும் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் பேச்சு வந்தது.

"காசுக்குப் புருசனை விக்கப் போறியோ?"

"இனிப் பொட்டையும் அழிப்பாளாக்கும்."

"வேற ஆரையும் பாத்து வச்சிருக்கிறாள் போல."

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் மதிக்கும் ஒரு அம்மா இருந்தார். இரண்டு ஆண்பிள்ளைகளைத் தேடுபவர். அவர் எழும்பி, "ஒராள் வாங்கினால் எல்லாரும் வாங்கின மாதிரித்தான். எங்கட பிள்ளையளின்ர கதையை அதோட முடிச்சுப் போடுவாங்கள்" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் முணுமுணுத்த சொல் எனக்கு நன்றாகக் கேட்டது. "துரோகி."

நான் என்ன செய்தேன்? "சரி சரி, இதைப் பிறகு கதைப்பம்" என்று சொல்லிக் கொப்பியை மூடினேன். சங்கம் உடையாமல் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் அந்தத் தங்கச்சி வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பினாள். மூன்றாம் மாதம் நான் அவளுடைய வீட்டுக்குப் போனேன்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கணவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. காணி உத்தரவுப்பத்திரம் அவர் பெயரில். வங்கிப் புத்தகமும் அவர் பெயரில். போகும் அலுவலகம் எங்கும் ஒரே கேள்வி: "அவர் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா?" இருக்கிறார் என்றால் அவரே வந்து கையெழுத்து வைக்க வேண்டும். இறந்துவிட்டார் என்றால் மரணச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இரண்டும் அவளால் முடியாது.

"நான் தேடுறதை விடேல்லை அக்கா" என்றாள். "சாகும்வரைக்கும் தேடுவன். ஆனால் பிள்ளையளுக்கு இண்டைக்குச் சோறு வேணும்."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். "ஆக்கள் ஏசினது நோகேல்லை. அவையளுக்கும் வயித்தெரிவு. நீங்கள் ஒண்டும் சொல்லாமல் கொப்பியை மூடினதுதான் நொந்தது."

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். என்னுடைய மௌனத்தை அவள் அப்படித்தான் எடுத்திருந்தாள். அதில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை.

வீட்டுக்கு வந்து அந்தச் சட்டத்தைப் பற்றி விசாரித்து அறிந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போயிருப்பவர்களை இறந்தவர்களாகப் பதிவு செய்ய வழிசெய்தது. எங்கள் பெண்களில் பலர் அதை மறுத்தார்கள். உடலைக் காணாமல், விசாரணை நடக்காமல், என் பிள்ளை செத்துவிட்டான் என்று நானே எப்படிக் கையெழுத்து வைப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பின்னர் 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வேறொரு சான்றிதழைக் கொண்டுவந்தது. அது மரணச் சான்றிதழ் அல்ல. காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும், பிள்ளைகளின் பொறுப்பு, உதவிக் கொடுப்பனவு போன்ற காரியங்களைப் பார்க்கவும் அது உதவக்கூடியது. அதைப் பெறுவதால் விசாரணை கேட்கும் உரிமை இல்லாமற் போவதில்லை.

இதை அன்று கூட்டத்தில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? நானே அறிந்திருக்கவில்லை. அவளைப் பேச விட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் அன்றைக்கே அறிந்திருப்போம். ஒருத்தியின் வாயை அடைத்ததில் நட்டம் அவளுக்கு மட்டுமல்ல; கேட்டிருக்க வேண்டிய 25 பேருக்கும்தான்.

அந்த "துரோகி" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் மண்ணில் அது வெறும் ஏச்சு வார்த்தையாக இருக்கவில்லை. அது உயிரை எடுத்த சொல்.

மருத்துவர் ராஜினி திராணகமவை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். போரில் அடிபட்ட பெண்களுக்காகப் பூரணி இல்லத்தை உருவாக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். இலங்கை அரசு செய்ததையும் இந்திய அமைதிப்படை செய்ததையும் எழுதியவர்கள், எங்கள் இயக்கங்கள் செய்ததையும் அதே நூலில் எழுதினார்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருந்தால் ஊர் கைதட்டியிருக்கும். எல்லாப் பக்கத்தையும் சொன்னபடியால் அவர்கள் எல்லோருக்கும் வேண்டாதவர்களானார்கள். 1989 செப்டெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 35. இரண்டு சிறு பெண்பிள்ளைகளின் தாய். இதைச் செய்தவர்கள் விடுதலைப் புலிகளே என்று அவரோடு பணியாற்றியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அதே பூரணி இல்லத்தோடு தொடர்புடையவர் கவிஞர் செல்வி. பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்தவர். 1991 ஒகஸ்டில் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். 1992 இல் எழுத்தாளர்களின் சர்வதேச அமைப்பான பென் அவருக்கு விருது கொடுத்தது. அவர் திரும்பி வரவேயில்லை.

இப்படிச் சிலரை இழந்தபோது மற்றவர்கள் வாயை மூடப் பழகிக்கொண்டோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அது பெரும் அநியாயம் என்று மனதுக்குள் நினைத்த தமிழர் எத்தனையோ பேர். வாய்விட்டுச் சொன்னவர்கள் மிகச் சிலர். பக்கத்து வீட்டுக்காரர் பொட்டலத்தோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊராக நாங்கள் ஆனதற்குத் துவக்குப் பயம் ஒரு காரணம். "ஊரோடு ஒத்துப்போ" என்ற பழக்கமும் ஒரு காரணம்.

அரச தரப்பும் பேசியவர்களை வாழவிட்ட இடமல்ல. 2000 ஒக்டோபர் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில், பாதுகாப்புக் கெடுபிடி நிறைந்த யாழ்ப்பாண நகரில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார். 2009 ஜனவரி 8 அன்று கொழும்பில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் கொல்லப்பட்டார்.

சந்தியா எக்னலிகொட என்ற சிங்களச் சகோதரியை நீங்கள் படத்திலாவது கண்டிருப்பீர்கள். அவருடைய கணவர், செய்தியாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத், 2010 ஜனவரி 24 முதல் காணாமற்போனவர். சந்தியா தன் கணவருக்காக மட்டும் அழுதுகொண்டு இருந்திருக்கலாம். அவரோ எங்கள் தாய்மாரோடும் வந்து நின்றார். அதனால் தன் சமூகத்திலேயே, நாட்டைக் காட்டிக்கொடுப்பவள் என்ற பழியைக் கேட்டார். 2016 இல் ஹோமாகம நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு பிக்கு அவரை அச்சுறுத்தினார். 2018 இல் அந்தப் பிக்கு அதற்காகத் தண்டிக்கப்பட்டார். 2022 ஜனவரியில் சந்தியா தலைமுடியை மழித்து நீதி கேட்டார். அவர் ஊரோடு ஒத்துப்போயிருந்தால் எங்கள் கண்ணீரைப் பற்றித் தெற்கில் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல ஒரு குரல் குறைந்திருக்கும். அங்கே அவருடைய கருத்தும் ஒருத்தியின் கருத்துத்தான். அவர் அங்கே பேச வேண்டும் என்று விரும்பும் நாங்கள், எங்கள் பாயில் இருக்கும் ஒருத்தியைப் பேசவிட மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்?

சட்டத்தில் எங்களுக்குப் பேச்சுரிமை உண்டா என்று சிலர் கேட்பீர்கள். உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் தருகிறது. 14 ஆம் உறுப்புரை பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் சுதந்திரம் தருகிறது. அரச அதிகாரிகள் அந்த உரிமையை மீறினால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யலாம். சட்டப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் கைக்கு வருவதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

முன்பள்ளிக் கட்டடத்துக்குள் ஒருத்தியின் வாயைச் சங்கமே அடைத்தால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? அங்கே சட்டம் வராது. எங்கள் பழக்கவழக்கம்தான் அங்கே சட்டம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. ஆனால் தனித்து நிற்கும் ஒருத்தியின் வாயை மூட ஊரே உலைமூடியாகிவிடுகிறது.

அதுவும் பெண்ணென்றால் இன்னும் சுலபம். ஓர் ஆண் மாற்றுக் கருத்துச் சொன்னால் "அவர் சொல்வது பிழை" என்பார்கள். பெண் சொன்னால் அவளுடைய நடத்தையைக் கதைப்பார்கள். அன்று அந்தத் தங்கச்சி பேசியது ஒரு சான்றிதழைப் பற்றி. கிடைத்த மறுமொழியோ பொட்டைப் பற்றியும் வேறு ஆணைப் பற்றியும். சான்றிதழைப் பற்றி மறுமொழி சொன்னவர் அந்த அம்மா ஒருவர்தான்.

ஆம், அந்த அம்மாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய பயம் வீண் பயமல்ல. ஒவ்வொருவராகப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டால், பிரச்சினை முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அது. எத்தனையோ ஆணைக்குழுக்களுக்கு முன்னால் ஒரே கதையைச் சொல்லிக் களைத்தவர்களுக்கு அந்தப் பயம் வராமல் எப்படி இருக்கும்? மாற்றுக் கருத்தை மதிப்பதென்றால் அதைச் சரியென்று ஏற்பது என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மா அன்றும் மறுத்தார், இன்றும் மறுக்கிறார். மறுப்பதும் பேச்சுரிமைதான். மறுக்கலாம், விரட்டக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எதையும் சொல்லலாம் என்பதும் பேச்சுச் சுதந்திரமல்ல. கருத்து வேறு, வதந்தி வேறு. இன்னொருத்தியின் வீட்டு அந்தரங்கத்தைச் சபையில் அவிழ்ப்பது கருத்தல்ல. ஒரு சாதியையோ சமயத்தையோ அடித்து விரட்டு என்று தூண்டுவதும் கருத்தல்ல. என் காதுக்குக் கசக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தடுக்க முடியாது. அது இன்னொருவருக்குக் கேடு செய்யுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி அந்தக் கூட்டத்தின் மிச்சக் கதை. நான்காம் மாதம் நான் முதலில் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கு ஒரு ஆளைப் பேசவிடாமல் விட்டது என்ர பிழை" என்றேன். பிறகு ஒரு கேள்வியை வைத்தோம்: சட்டம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு இந்தச் சான்றிதழைப் பற்றி விளக்கம் கேட்பதா, வேண்டாமா? கை உயர்த்தச் சொன்னால் ஒருவரும் உயர்த்த மாட்டார்கள் என்று தெரியும். எல்லோருக்கும் எழுத்தும் வராது. ஆகவே ஆளுக்கொரு புளியங்கொட்டையும் ஒரு சிறு கல்லும் கொடுத்தோம். வேண்டும் என்பவர் புளியங்கொட்டையை, வேண்டாம் என்பவர் கல்லை, துணி மூடிய பானைக்குள் போட வேண்டும். மிச்சத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு போய் வெளியே எறிந்துவிட வேண்டும்.

அன்று வந்தவர்கள் 24 பேர். பானையைக் கவிழ்த்தபோது 13 புளியங்கொட்டைகள் இருந்தன.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. நான்கு மாதமாக ஒருத்தி மட்டும்தான் வேறு மாதிரி நினைக்கிறாள் என்று இருந்தோம். அந்த 13 பேரில் அவளை ஏசியவர்களும் இருந்திருக்கத்தான் வேண்டும். மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில், தங்கள் மனதில் இருந்ததைச் சொன்னவளையே ஏசியிருக்கிறார்கள்.

ஒரு சட்டத்தரணி வந்து இரண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். பிறகு சிலர் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார்கள்; பலர் விண்ணப்பிக்கவில்லை. அந்த அம்மா கடைசிவரை மறுத்துவிட்டார். ஆனால் அடுத்த போராட்டத்துக்குப் புறப்பட்டபோது பஸ்ஸுக்குள் அந்தத் தங்கச்சியைக் கண்டு, "இஞ்ச வா, இதில இரு" என்று தன் பக்கத்தில் இடம் காட்டினார். அவள் கணவரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் இருந்தாள். இருவரும் வழியில் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. ஒன்றாகப் போனார்கள், ஒன்றாக வந்தார்கள்.

2022 இல் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தபோது, அதே வாக்குவாதம் ஊருக்கு ஊர் மறுபடி எழுந்தது. பலர் கொதித்தெழுந்து மறுத்தார்கள். வாங்கினால் என்ன என்று மெதுவாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். எங்கள் சங்கத்திலும் சத்தம் போட்டோம். ஆனால் ஒருவரும் கூட்டத்துக்கு வராமல் நிற்கவில்லை.

அந்த அனுபவத்திலிருந்து எங்கள் சங்கம் சில பழக்கங்களை வைத்துக்கொண்டது. உங்களுக்கும் பயன்படலாம்.

ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் வாய் திறப்பதில்லை. மறுப்பவர் முதலில், "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திவிட்டே மறுப்பார். சொன்ன விடயத்துக்கு மறுமொழி சொல்லலாம். சொன்னவளின் பொட்டு, உடுப்பு, போக்குவரவு பற்றிக் கதைக்கக் கூடாது. 'துரோகி' என்ற சொல் எங்கள் பாயில் இல்லை. சிக்கலான தீர்மானம் என்றால் புளியங்கொட்டையும் பானையும். கூட்டத்தை நடத்துபவர், இடையில் கொப்பியை மூடக் கூடாது.

கடைசியாகச் சொன்னது எனக்காக வைத்த விதி.

சகோதரிகளே, எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்கும்போது, நாங்கள் சொல்வதை இந்த நாடு காது கொடுத்துக் கேட்கவில்லையே என்று கவலைப்படுகிறோம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். வருடக் கணக்காக வீதியில் இருந்ததும் அந்தக் கவலையோடுதான். பலருக்குக் கேட்கப் பிடிக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். கேட்கப் பிடிக்காத கதையைச் சொல்பவளின் வலி எங்களைவிட யாருக்குத் தெரியும்?

உங்கள் அடுத்த கூட்டத்தில், "வேறு ஏதும் விடயம் இருக்கோ?" என்று கேட்டபின் கொஞ்சம் பொறுத்திருங்கள். பின் வரிசையில் யாராவது எழும்பக்கூடும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.